சாம்பலில் வெந்ததும் சர்க்கரையில் ஊறியதும்

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங். அன்று சாப்பாட்டு மேசையில் வான்கோழிதான் நடுநாயகம். ஆனால் அதற்குப் பக்கத்தில், ஓவனிலிருந்து அப்போதுதான் இறக்கிய கண்ணாடிப் பாத்திரம் ஒன்று ஆவி பறக்க உட்கார்ந்திருக்கும். பிள்ளைகளின் கண் போவது அதன்மேல்தான். உள்ளே வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. வெண்ணெய், முட்டை, பால், பிரவுன் சுகர், பட்டைத்தூள், ஒரு சிட்டிகை ஜாதிக்காய் எல்லாம் அதில் உண்டு. மேற்புறத்தில் சில வீடுகளில் உப்பிப் பழுப்பேறிய மார்ஷ்மெல்லோ, சில வீடுகளில் மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் பிசிறித் தூவிய பெக்கன் பருப்பு. ஸ்வீட் பொட்டேட்டோ கேசரோல் என்று பெயர். இவ்வளவு இனிப்பைச் சாப்பாடு முடிந்தபின் பரிமாறுவார்கள் என்று நம்மவர்கள் எதிர்பார்ப்பார்கள். அப்படி இல்லை. இறைச்சி, பீன்ஸ், கிரேவி எல்லாவற்றோடும் ஒரே தட்டில் வைத்து, உப்பும் இனிப்புமாகத்தான் சாப்பிடுகிறார்கள்.

நான் குடியிருப்பது வட கரோலினாவில். அமெரிக்காவில் விளையும் சர்க்கரைவள்ளிக்கிழங்கில் பாதிக்கு மேல் இந்த ஒரு மாநிலத்தில் விளைகிறது. 1971-இலிருந்து முதலிடம் இதற்குத்தான். வீட்டிலிருந்து கிழக்கே வண்டியை எடுத்தால் ஜான்ஸ்டன், வில்சன், நாஷ் என்று கவுண்டிக்குக் கவுண்டி, ஒரு காலத்தில் புகையிலை நின்ற மணற்பாங்கான வயல்களில் இன்று கிழங்குக்கொடி படர்ந்து கிடக்கிறது. 1995-இல் இதை மாநிலத்தின் காய்கறியாகச் சட்டமன்றம் அறிவித்தது. அதற்கு மனுப்போட்டவர்கள் வில்சன் ஊரின் பள்ளிப் பிள்ளைகள். இப்படி ஒரு மண்ணில் வாழ்ந்துகொண்டு, இந்தக் கிழங்கை இங்குள்ளவர்கள் எப்படிச் சமைத்தார்கள், இப்போது எப்படிச் சமைக்கிறார்கள் என்று தேடிப்பார்க்காமல் இருக்க முடியவில்லை. தேடியதில் எனக்குப் பட்டது இது: கிழங்கு தன் இனிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்க ஆளில்லாமல் போனபோது அந்த இடத்தில் சர்க்கரை வந்து உட்கார்ந்தது.

ஆனால் அந்தக் காலத்தில் எல்லாரும் சர்க்கரை இல்லாமலே சமைத்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேரி ராண்டால்ஃப் என்ற வர்ஜீனியாக்காரர் 1824-இல் ‘தி வர்ஜீனியா ஹவுஸ்-வைஃப்’ என்ற சமையல் புத்தகத்தை வெளியிட்டார். அதில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு புட்டிங் இருக்கிறது. ஒரு பவுண்டு கிழங்கை வேகவைத்துச் சூட்டோடு சல்லடையில் தேய்த்து எடுக்க வேண்டும். அதற்கு ஆறு முட்டை, முக்கால் பவுண்டு சர்க்கரை, முக்கால் பவுண்டு வெண்ணெய், ஜாதிக்காய், எலுமிச்சைத் தோல், ஒரு கிளாஸ் பிராந்தி. கிழங்கைவிடச் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்ந்து எடையில் கூடுதல்! சர்க்கரை விலையுயர்ந்த பண்டமாக இருந்த காலம் அது. அதை அள்ளிப்போட முடிந்தது தோட்ட முதலாளிகளின் வீடுகள் போன்ற வசதியான வீடுகளில்தான். அங்கே சல்லடையில் கிழங்கு தேய்த்த கைகள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களின் கைகள்.

அந்தப் பெண்களின் சொந்தக் குடிசையில் அதே கிழங்கு வேறு விதமாக வெந்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களின் முன்னோர் யாம் என்னும் பெருவள்ளி இனக் கிழங்கைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அது கிடைக்காத மண்ணில் சர்க்கரைவள்ளி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் 1901-இல் வெளியான தன் வரலாற்றில், வர்ஜீனியாவில் தான் பிறந்த குடிசையைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருடைய தாய் அந்தத் தோட்டத்தின் சமையற்காரர். குடிசையேதான் சமையற்கட்டும். தரை வெறும் மண். அந்தத் தரையின் நடுவே ஆழமான ஒரு குழி, மேலே பலகை மூடி. குளிர்காலத்துக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் சேமித்து வைக்கும் குழி அது. கிழங்கைப் போடும்போதும் எடுக்கும்போதும் ஒன்றிரண்டு தன் கைக்கு வந்துசேரும், அதைச் சுட்டுத் தின்ற ருசி மறக்கவில்லை என்கிறார். பெரிய வீட்டுக்கு விதவிதமாகச் சமைத்துப் போன அதே அடுப்பில், சாம்பலுக்குள் புதைத்துச் சுட்ட கிழங்கு அந்தச் சிறுவனுக்கு.

அந்தச் சிறுவன் வளர்ந்து 1881-இல் அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்பின மாணவர்களுக்கான பள்ளியைத் தொடங்கி நடத்தினார். 1896-இல் அங்கே வேளாண்மை கற்பிக்க ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரை அழைத்துவந்தார். கார்வரை வேர்க்கடலையோடு சேர்த்துத்தான் உலகம் நினைக்கிறது. சர்க்கரைவள்ளிக்கும் அவர் அதே அளவு உழைத்தவர். பருத்தியால் சத்திழந்த மண்ணில் கடன்பட்ட குடியானவர்கள் பயிரிட்டுப் பிழைக்க ஏற்றது என்று அதைப் பரப்பினார். குடியானவர் வீட்டுப் பெண்களுக்காக அவர் எழுதிய கிழங்குச் சமையல் கையேடு 1930களில் திருத்திய பதிப்பாக வந்தது. அதில் பை, புட்டிங், பிஸ்கட் எல்லாம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது சாம்பலில் சுடும் முறை. கிழங்கின்மேல் நான்கு அங்குலத்துக்கு வெதுவெதுப்பான சாம்பலை மூட வேண்டும். அதன்மேல் கனலும் தணலும். குறைந்தது இரண்டு மணி நேரம் மெல்ல வேக விட வேண்டும். பிறகு மெல்லிய தூரிகையால் சாம்பலைத் தட்டிவிட்டு, சூட்டோடு வெண்ணெய் வைத்துக் கொடுக்க வேண்டும். வேறு எந்த முறையிலும் இந்த இனிப்பு எளிதில் வராது என்பது அவருடைய தீர்ப்பு. சர்க்கரை என்ற பேச்சே அதில் இல்லை.

கார்வர் சொன்னது எவ்வளவு சரி என்பதை இன்றைய வேதியியல் விளக்குகிறது. கிழங்கில் மாவுச்சத்தும் இருக்கிறது, அந்த மாவுச்சத்தை வெட்டி மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும் அமைலேஸ் என்ற நொதியும் இருக்கிறது. பச்சைக் கிழங்கில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒன்றும் பெரிதாக நடப்பதில்லை. சூடு ஏறி மாவுச்சத்து இளகத் தொடங்கும்போதுதான் நொதிக்கு வேலை. ஏறத்தாழ 57 டிகிரி செல்சியஸிலிருந்து 77 டிகிரி வரை அது சுறுசுறுப்பாக வேலை செய்யும். அதற்கு மேல் சூடானால் செயலிழந்துவிடும். ஆகவே கிழங்கின் உட்புறம் இந்த இருபது டிகிரியை எவ்வளவு மெதுவாகக் கடக்கிறதோ அவ்வளவு இனிப்பு. நான்கு அங்குலச் சாம்பல் செய்தது இதைத்தான். அனலை நேரே தாக்கவிடாமல், சூட்டை மெல்ல மெல்ல உள்ளே அனுப்பியது. மைக்ரோவேவில் வைத்தால் சில நிமிடங்களில் அந்த இடைவெளியைத் தாண்டிவிடும். கிழங்கு வெந்திருக்கும், இனிப்பு வந்திருக்காது.

கிழங்கை ஓவனில் சுட்ட யாரும் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். பிறகு தோலில் ஒரு கீறல் வழியாகத் தேன் நிறத்தில் ஒரு சொட்டு கசியும். தட்டில் விழுந்து குமிழியிட்டு, ஓரம் கறுத்து, கெட்டிப்படும். அந்தச் சமயத்தில் ஓவன் கதவைத் திறந்தால் வெல்லம் காய்ச்சும் கொட்டகையின் வாசம் வரும். தோல் சதையைவிட்டு விலகித் தொளதொளவென்று சுருங்கியிருக்கும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வரும். அந்தக் கசிவுதான் கிழங்கு தானே காய்ச்சிய பாகு.

எங்கள் தெருவில் எண்பதை நெருங்கும் ஓர் அம்மையார் இருக்கிறார். புகையிலைப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். அவர் வீட்டில் கிழங்கைத் தோண்டி எடுத்ததும் மேட்டுப்பாங்கான இடத்தில் பைன் மரச் சருகைப் பரப்பி, அதன்மேல் கிழங்கைக் கும்பலாகக் குவித்து, சோளத்தட்டையால் மூடி, மண்ணைப் போட்டு மெழுகிவிடுவார்களாம். உச்சியில் காற்றுப் போக ஒரு துளை. குளிர்காலம் முழுக்க அந்தக் குவியலிலிருந்து கையைவிட்டு எடுத்துக்கொள்வது. நல்ல பாதி அழுகியும் போகுமாம். அவருடைய தாய் காலைப் பலகாரம் முடிந்ததும், விறகு அடுப்போடு சேர்ந்த ஓவனில் கிழங்குகளை அடுக்கிவிட்டு வயலுக்குப் போய்விடுவார். தீ தானாகத் தணியும். மத்தியானம் வந்தால் கிழங்கு தயார். மறுநாள் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் தகர டப்பாவில் ஆளுக்கு ஒன்று. யாரும் அதற்கென்று நேரம் ஒதுக்கியதில்லை. அணைகிற அடுப்பின் சூடு சும்மா போகக் கூடாது என்பதே நோக்கம். அந்த ஏற்பாட்டில் இனிப்பு தானாக விளைந்தது.

கேஸ் அடுப்பும் மின் அடுப்பும் வந்தபின் அணையும் சூடு என்ற ஒன்றே வீட்டில் இல்லாமல் போயிற்று. திருகினால் எரியும், திருகினால் அணையும். எல்லாச் சமையலுக்கும் நிமிடக் கணக்கு வந்தது. பாஸ்டன் சமையல் பள்ளியின் ஃபேனி ஃபார்மர் 1896-இல் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்திலேயே இந்த நிமிடக் கணக்கின் தொடக்கம் தெரிகிறது. கிழங்கைத் தோல் சீவி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, நீளவாக்கில் வெட்டி, அரைக் கப் சர்க்கரையில் காய்ச்சிய பாகைப் பூசி, ஓவனில் கால் மணி நேரம். பளபளப்பாக, அழகாக, அரை மணிக்குள் மேசைக்கு வந்துவிடும். கிழங்குக்குள்ளே பாகு ஊற நேரமில்லாததால் வெளியே பாகு பூசப்பட்டது. நான் ஃபேனி ஃபார்மரைக் குறை சொல்லவில்லை. அளவுக் கரண்டியை மட்டமாகத் தட்டி அளக்க வேண்டும் என்று ஒரு நாட்டுக்கே பழக்கியவர் அவர். ஆனால் வடபகுதி நகர வீட்டுச் சமையல் போகப்போகிற திசையை அந்தக் குறிப்பிலேயே பார்க்க முடிகிறது.

மார்ஷ்மெல்லோ மேலே ஏறியது 1917-இல். சிகாகோவில் கிராக்கர் ஜாக் என்ற பொரி மிட்டாய் செய்த கம்பெனியின் இன்னொரு சரக்கு ஏஞ்சலஸ் மார்ஷ்மெல்லோ. அதுவரை அதை மிட்டாயாகத்தான் மக்கள் வாங்கினார்கள். சமையலுக்கும் வாங்க வேண்டுமானால் சமையல் குறிப்பு வேண்டும். பாஸ்டன் சமையல் பள்ளியின் பத்திரிகையை நிறுவிய ஜேனட் மெக்கென்ஸி ஹில்லிடம் அந்த வேலையை ஒப்படைத்தார்கள். அவர் தயாரித்த சிறு புத்தகத்தில், மசித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கை மார்ஷ்மெல்லோ பரப்பிச் சுடும் குறிப்பு இருந்தது. அச்சில் வந்தவற்றில் இதுதான் முதல் என்று உணவு வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். பாட்டிமார் கைமாற்றிக் கொடுத்த பாரம்பரியம் என்று இன்று பல வீடுகளில் சொல்லிக்கொள்வது ஒரு விற்பனை யோசனையாகத் தொடங்கியது. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. நூறு ஆண்டு ஒரு குடும்பம் ஒரு பண்டத்தைச் சேர்ந்து சாப்பிட்டால் அது அவர்களுடையதுதான்.

அடுத்து வந்தது டப்பா. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் மில்லர் 1930களில் ஈரப்பதமான, ஆரஞ்சு நிறச் சதையுள்ள ரகங்களை மேம்படுத்தினார். வெளிறிய, மாவுபோல இருக்கும் மற்ற மாநிலக் கிழங்குகளிலிருந்து பிரித்துக் காட்ட, லூசியானாக்காரர்கள் அதற்கு யாம் என்ற பெயரைச் சூட்டி விற்றார்கள். டப்பாக்களில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. பாகில் மிதக்கும் அந்தத் துண்டங்கள் தொழிற்சாலையிலேயே வெந்துவிட்டவை. வீட்டில் செய்ய வேண்டியது டப்பாவைத் திறப்பது, வெண்ணெய் போடுவது, மேலே மார்ஷ்மெல்லோ பரப்புவது. உலகப் போர்க்காலத்தில் 1942 முதல் 1947 வரை சர்க்கரைக்கு ரேஷன் இருந்தது. அது நீங்கியதும் ஒரேயடியாக இனிப்புப் பெருகியது. 1948-இல் அலெக்ஸ் டூமக் என்பவர் மார்ஷ்மெல்லோவைக் குழாய் வழியாகப் பிதுக்கி வெட்டும் இயந்திர முறையைக் கண்டுபிடித்தார். அதோடு அது மூட்டை மூட்டையாக மலிந்துவிட்டது.

விநோதம் என்னவென்றால், இந்தப் பண்டிகைப் பாத்திரம் இனித்துக்கொண்டே போன அதே ஆண்டுகளில் கிழங்கு சாதாரண நாட்களின் சாப்பாட்டிலிருந்து காணாமல் போய்க்கொண்டிருந்தது. 1920-இல் அமெரிக்கர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 13 கிலோ சர்க்கரைவள்ளி. 2000-இல் அது 2 கிலோவுக்கும் கீழே. ஏழைகள் தின்பது, பஞ்ச காலத்தில் தின்றது என்ற நினைப்பு அதன்மேல் ஒட்டிக்கொண்டது. கையில் காசு வந்தவர்கள் முதலில் கைவிட்டவற்றில் இதுவும் ஒன்று. தெற்கிலிருந்து வேலை தேடி வடக்கே போன கறுப்பின மக்களுக்கு மட்டும் அது ஊர் நினைப்பாகவே இருந்தது. 1952-இல் வந்த ரால்ஃப் எல்லிசனின் ‘இன்விசிபிள் மேன்’ நாவலில், நியூயார்க்கின் ஹார்லெம் தெருவில் தள்ளுவண்டிக்காரரிடம் சூடான சுட்ட கிழங்கை வாங்கி, வெண்ணெய் ஒழுக நடந்தபடியே தின்னும் கட்டம் ஒன்று உண்டு. மற்றவர்களுக்கு அது ஆண்டுக்கு ஒருநாள் பண்டமாகச் சுருங்கிப்போனது. ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் எதிலும் தாராளம் கூடும்.

தென்மாநிலங்களில் பல வீடுகளில் மார்ஷ்மெல்லோவை உள்ளேயே விடவில்லை. அங்கே பெக்கன் பருப்புதான். பெக்கன் இந்த மண்ணின் மரம். ஓட்டை எளிதில் உடைக்கிற பெக்கனை முதன்முதலில் ஒட்டுக்கட்டிப் பெருக்கியவர் லூசியானாவின் ஓக் ஆலி தோட்டத்தில் 1840களில் அடிமையாக இருந்த அந்துவான் என்ற தோட்டக்காரர். அந்த ரகம் 1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் பரிசு பெற்றது. அதைக் கண்டவரின் முழுப்பெயர்கூட ஏட்டில் இல்லை. இந்தப் பாத்திரத்தில் கிழங்கும் பருப்பும் சேரும் இடத்தில் கார்வரும் அந்துவானும் சேர்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். சுவையிலும் என் ஓட்டு பெக்கனுக்குத்தான். மசித்த கிழங்கு மெத்தென்று இருக்கும். அதற்கு மேலே மொறுமொறுப்பும் லேசான துவர்ப்பும் வேண்டும். மெத்தென்றதன் மேல் இன்னொரு மெத்தென்றதை வைப்பதில் நாக்குக்கு வேலை இல்லை. நான் சொன்ன அம்மையார் வீட்டில் பாத்திரத்தின் ஒரு பாதிக்குப் பெக்கன், பேரப்பிள்ளைகளுக்காக மறுபாதிக்கு மார்ஷ்மெல்லோ. நடுவே கத்தியால் இழுத்த நேர்கோடு.

நம்மவர் வீடுகளிலும் இந்தப் பாத்திரம் நுழைந்துவிட்டது. எங்கள் மாநிலத்தில் கேரி, மாரிஸ்வில் ஊர்ப்பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் நாலைந்து குடும்பம் ஒரு வீட்டில் கூடும்போது, பிரியாணிக்கும் சாம்பார் சாதத்துக்கும் நடுவே ஒரு கேசரோலும் வரும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் கேட்பார்கள். சைவக்காரர்களுக்கு முதல் தடங்கல் மார்ஷ்மெல்லோ. அதிலுள்ள ஜெலட்டின் பன்றி அல்லது மாட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. முட்டையும் சேர்க்காத வீடுகள் உண்டு. அதனால் தேங்காய்ப்பால், வெல்லம், ஏலக்காய், நெய்யில் வறுத்த முந்திரி என்று பாத்திரம் நம் பக்கம் திரும்பிவிடுகிறது. தேங்காய்ப்பாலும் இந்தக் கிழங்கும் சேர்வது அவ்வளவு பொருத்தம். முட்டை இல்லாத குறை தெரியாது.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்த ஆண்டு, நான் கப் கப்பாகச் சர்க்கரை அளப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். “ஏம்மா, கிழங்கே இனிக்குமே, அதுக்கு மேல எதுக்கு இம்புட்டுச் சர்க்கரையக் கொட்டுற?” என்றார். எங்கள் பக்கத்தில் பொங்கலுக்குச் சர்க்கரைவள்ளி கட்டாயம். உப்புப் போட்டு வேகவைப்பார்கள். மற்ற நாட்களில் இராச் சமையல் முடிந்ததும் விறகடுப்புச் சாம்பலில் புதைத்துவிடுவது. “அடுப்ப அணைச்சிட்டுப் படுத்தா காலையில எடுத்து உதறித் திங்கலாம். நீ அவசரத்துல தண்ணியில அவிச்சா அது எங்க இனிக்கும்?” என்றார். டஸ்கீகியில் கார்வர் அச்சில் போட்டதும் விருதுநகர்ப் பக்கத்தில் அம்மா கைப்பழக்கமாகச் செய்ததும் ஒன்றுதான் என்பதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இன்று கடையில் கிடைக்கும் கிழங்கு பழைய கிழங்கைவிட மேல். இதில் எனக்குச் சந்தேகமில்லை. 1940களில் நான்சி ஹால் என்ற மஞ்சள் சதை ரகம் பெயர்பெற்றிருந்தது. ருசி பெரிது, விளைச்சலும் சேமிப்பும் அந்த அளவுக்கு இல்லை. 1987-இல் லூசியானாவில் போரகார்ட் ரகம் வந்தது. 2005-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் கவிங்டன் ரகத்தை வெளியிட்டது. நோய் தாங்கும், ஒரே அளவாக விளையும், நல்ல இனிப்பு. இந்த மாநிலத்து நிலத்தில் பெரும்பகுதி இப்போது கவிங்டன்தான்.

அதைவிடப் பெரிய மாற்றம் பதப்படுத்தும் அறை. தோண்டி எடுத்த உடனே கிழங்கு இனிக்காது. தோலும் மெல்லிசாக, காயங்களோடு இருக்கும். சுமார் 29 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் 85 முதல் 90 சதவீத ஈரப்பதத்திலும் ஒரு வாரம்போல வைத்தால் காயங்கள் ஆறித் தோல் கெட்டிப்படும். உள்ளே இனிப்பும் கூடத் தொடங்கும். பிறகு 13 முதல் 15 டிகிரியில் வைத்தால் அடுத்த அறுவடை வரை கெடாது. பைன் சருகும் மண்ணும் போட்டு மூடிய குவியல் குத்துமதிப்பாகச் செய்ததை இந்த அறை தவறாமல் செய்கிறது. பாதி அழுகிய காலம் போய்விட்டது. அதனால்தான் ஜூலையிலும் கடையில் கிழங்கு கிடைக்கிறது. வயல் வேலையில் மட்டும் அவ்வளவு மாற்றமில்லை. இயந்திரம் மண்ணைப் புரட்டிப்போடும். தோல் கிழியாமல் கிழங்கைப் பொறுக்கிக் கூடையில் போடுவது இன்றும் ஆள்தான். பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து பருவத்துக்கு வந்து போகும் தொழிலாளர்கள். அக்டோபர் வெயிலில் அவர்கள் குனிந்த முதுகோடு வரிசை வரிசையாக நகர்வதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம்.

2000-க்குப் பிறகு மக்கள் மறுபடியும் கிழங்குப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். வைட்டமின் ஏ, நார்ச்சத்து என்று பேச்சு பரவியது. உணவகங்களில் வறுவல் வந்தது. 2015-இல் ஒருவருக்கு ஆண்டுக்கு 3 கிலோவைத் தாண்டியது. வார நாட்களில் ஏர் ஃப்ரையரில் துண்டுபோட்டுச் சுடுகிறார்கள். குழந்தைகளுக்கு முதல் உணவாக மசித்துக் கொடுக்கிறார்கள். கிழங்குக்கு அன்றாடச் சாப்பாட்டில் மறுபடியும் ஓர் இடம் கிடைத்திருப்பது நல்ல செய்தி. ஆனால் கேசரோலுக்கான குறிப்பு மட்டும் பழைய டப்பாக் காலத்திலேயே நிற்கிறது. மூன்று கப் மசியலுக்கு ஒரு கப் சர்க்கரை, மேலே தூவுவதில் இன்னொரு கப் பிரவுன் சுகர் என்றுதான் பெரும்பாலான வீட்டுக் குறிப்புகள் சொல்கின்றன. தண்ணீரில் வேகவைத்து, ஊறிய நீரை வடிகட்டி, அதில் போன இனிப்பையும் நிறத்தையும் சர்க்கரையால் ஈடுகட்டும் கணக்கு அது. கவிங்டன் கிழங்குக்கு அந்தக் கணக்கு தேவையே இல்லை.

இந்த ஆண்டு செய்பவர்கள் இப்படிச் செய்து பாருங்கள். ஒன்றரைக் கிலோ கிழங்கு. கைக்கு அடங்கும் அளவாக, நடுத்தரமானவையாகப் பொறுக்குங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிர் பட்டால் நடுப்பகுதி கட்டிதட்டி, எவ்வளவு வேகவைத்தாலும் இளகாது. கழுவித் துடைத்து, தோலோடு தட்டில் அடுக்கி, சூடேறாத ஓவனிலேயே வைத்து 150 டிகிரி செல்சியஸுக்குத் திருப்புங்கள். ஒரு மணி நேரம் கழித்து 200 டிகிரிக்கு ஏற்றி, பாகு கசியும் வரை விடுங்கள். முக்கால் மணி நேரம் போல ஆகும். இதை முந்தின நாள் இரவே செய்து வைத்துக்கொள்ளலாம், பண்டிகை நாள் பரபரப்பு இருக்காது. தோலை உரித்து மசித்து, தட்டில் ஒட்டிய பாகையும் வழித்துச் சேர்த்து, 60 கிராம் வெண்ணெய், அரைக் கப் பால், இரண்டு முட்டை, அரைத் தேக்கரண்டி உப்பு, பட்டைத்தூள். முட்டை வேண்டாதவர்கள் பாலுக்கும் முட்டைக்கும் பதிலாக முக்கால் கப் கெட்டித் தேங்காய்ப்பால். மேலே பெக்கனோ முந்திரியோ, அது ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு இரண்டு கரண்டி வெண்ணெயும் இரண்டு கரண்டி சர்க்கரையும். 180 டிகிரியில் அரை மணி நேரம்.

மசித்ததும், முட்டை சேர்ப்பதற்கு முன்னால், ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் கையிலும் ஒரு கரண்டி கொடுங்கள். அதற்குப் பிறகும் சர்க்கரை வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் போடுங்கள்.